கதையில் தண்ணீர் குடிக்கும் இடம்

கதாநாயகன் கதாநாயகியின் பின்னால் நடக்க ஆரம்பித்தால் கட்டிங் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். மேசைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டேன்?" என்பார்.

"அவ பஸ் ஸ்டாப்புக்குப் போறா. இவன் பின்னாடியே வர்றான்" என்று எங்களில் யாராவது எடுத்துக் கொடுப்போம். அதன் பிறகுதான் கதை நகரும்.

பல வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தாகம் என்றுதான் நினைத்தேன். எந்தக் கதையானாலும் அதே இடத்தில் தாகம் எடுக்குமா என்கிற யோசனை பிறகுதான் வந்தது.

நாங்கள் வேலை செய்வது ஆல்ட்ரேஷன் கடையில். மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு ஏறும். அதன் உச்சியில் ஒரே நீளமான அறை. புதுத் துணி தைப்பதில்லை. வாங்கிய அன்றைக்கு இருந்த இடுப்பையே மனதில் வைத்துக்கொண்டு பழைய பேண்டோடு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். இறுக்கமாக இருந்தால் பிரித்துவிடுவோம், தொளதொள என்றிருந்தால் பிடித்துத் தைப்போம். ஜிப் மாற்றுவோம். கிழிந்த இடம் தெரியாமல் இழையோடு இழை சேர்த்து மூடுவோம். ஜன்னலோரம் மிஷின்கள், நடுவில் கட்டிங் மேசை, மூலையில் இஸ்திரிப் பலகை. ஓரம் மடித்துத் தைக்கும் ஹெம்மிங் என் வேலை. குனிந்தே இருக்கலாம், யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

கட்டிங் அக்கா நல்ல உயரம். டேப் எப்போதும் கழுத்தில்தான். ஒரு நாள் அதோடே பஸ் ஏறி வீட்டுக்குப் போய், சாப்பிட உட்காரும்போதுதான் பார்த்தாராம். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காதல் கதை. லீவு நாளில் புதுப்படம் பார்ப்பார். வரும்போதும் போகும்போதும் காதில் வயரை மாட்டிக்கொண்டு தொடர் கேட்பார். கேட்டதையெல்லாம் கடையில் எங்களுக்குச் சொல்வார். மிஷின் சத்தத்துக்கு மேலே நிற்கிற குரல் அவருக்கு. பாட்டு வரும் இடத்தில், "பாட்டு வருதும்மா, பாபின் மாத்துறவங்க மாத்திக்கோங்க" என்பார். சண்டை வந்தால், "இது கொஞ்ச நேரம் ஓடும், இஸ்திரியை முடிங்க." அந்தக் கதைகளுக்காகவே உடம்பு சரியில்லாத நாளிலும் நான் லீவு போட்டதில்லை.

ஒரு முறை என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது டிவியில் ஒரு படம் ஓடியது. அக்கா சொன்ன படம்தான். பெண் மீன் வளர்க்கிறாள், அவன் சமையல்காரன். அக்கா சொன்னபடி, அவன் அவளிடம் போய் மனதில் இருப்பதைச் சொல்வான். அவள் வேண்டாம் என்பாள். அவன் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிவிடுவான். அந்தத் தட்டு கவிழ்க்கும் இடத்தில் எல்லோரும் தைப்பதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். டிவியில் அவன் தட்டே கழுவவில்லை. அவள் போகும் இடமெல்லாம் போனான். வழியை மறித்தான். ஜன்னல் ஏறிக் குதித்தான். அவள் அறைந்தாள், கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். அதே பெயரில் வேறு படம் போட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மெதுவாகக் கேட்டேன். அக்கா சாக்பீஸால் பேண்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தக் கடையில வேலை பாக்குற நீ?"

"ஆல்ட்ரேஷன் கடைக்கா."

"அப்புறம் என்ன கேள்வி? பொருந்தாத இடத்துல கொஞ்சம் வெட்டினேன், கொஞ்சம் ஒட்டு போட்டேன். தையல் தெரிஞ்சுதா?"

"தெரியலக்கா."

"தெரியக் கூடாது. அதான் வேலை" என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

தண்ணீர் குடிப்பது எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த ஒரு மடக்குக்குள் அவர் மீதிக் கதையை வெட்டித் தைத்துவிடுகிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவின் கதைதான் படத்தைவிட நன்றாக இருந்தது.

பட்டன் வந்தது அதற்குப் பிறகு. பட்டன் தைப்பதற்குச் சேர்ந்ததால் அந்தப் பெயர்; கண்ணும் அப்படித்தான் உருண்டையாக இருக்கும். எங்களில் சின்னவள். சேர்ந்ததும் சமையல்காரன் கதை உட்பட அக்காவின் பழைய கதைகளையெல்லாம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். அவள் அப்பாவுக்கு அவளை வேலைக்கு அனுப்ப மனமே இல்லையாம். ஏதாவது ஒரு பேச்சு காதில் விழுந்தால் அன்றோடு வேலை முடிந்தது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதைக்கூட அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்று உண்டு. அங்கே லென்ஸ் பொருத்தும் ஒருவன், நாங்கள் கடை மூடும் நேரத்துக்கு எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்க ஆரம்பித்தான். பார்க்க நன்றாகவே இருப்பான். நீலச் சட்டை. பட்டன் இறங்கிப் போனால் அவனும் கம்பத்தை விட்டுக் கிளம்புவான்.

கடைக்குள் ஒரே கொண்டாட்டம். "பட்டனுக்கு ஆள் வந்தாச்சு" என்றார்கள். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்கா எங்களில் மூத்தவர், நாக்கும் அவருக்குத்தான் நீளம். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "நிக்கிற அழகைப் பாருங்கடி. எங்க வீட்டுக்காரரும் எனக்காக ஒரு தடவை நின்னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பஸ்ஸு வரலைன்னு நின்னிருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒரு நாள் அவன் கை கிழிந்த சட்டையோடு மேலே வந்தபோது, பட்டன் எந்த பஸ்ஸில் போகிறாள் என்பதையும் ஓவர்லாக் அக்காவே போகிற போக்கில் சொல்லி வைத்தார்.

எனக்குப் பேச்சு வராது என்பதால் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். பட்டன் முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலைத் திருப்பிப் போட்டிருந்தாள். அவள் தைத்த பட்டன்களில் நூல் தேவைக்கு மேல் சுற்றியிருந்தது. காஜாவுக்குள் நுழைக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் நான் செருப்பு மாட்டும்வரை அவள் படியிறங்கமாட்டாள்.

அதை நான் கட்டிங் அக்காவிடம் சொன்னேன். காஜாவில் நுழையாத ஒரு சட்டையையும் கையில் கொடுத்தேன். அவர் பட்டனைத் திருகிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அவளைக் கட்டிங் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடிக்காரனை உனக்குப் பிடிச்சிருக்கா?"

பட்டன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். இத்தனை நாளில் நாங்கள் ஒருவர்கூட அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"இல்லக்கா. பயமா இருக்கு. எங்க தெரு வரைக்கும் வர்றான். நேத்து கேட் கிட்டயே நின்னான். எதிர்வீட்டு மாமி யாருன்னு கேட்டுட்டாங்க. அப்பா காதுக்குப் போனா அவ்வளவுதான்."

"பின்னாடி வராதேன்னு சொன்னியா?"

"சொன்னேன். கோபத்துலயும் அழகா இருக்கீங்கன்னு சிரிக்கிறான்."

"எங்ககிட்ட ஏன்டி சொல்லல?"

"காத்துட்டு இருக்கேன்க்கா."

"எதுக்கு?"

"அவன் கேக்குறதுக்கு. உங்க கதையில பின்னாடி வர்றவன் ஒரு நாள் முன்னாடி வந்து பிடிச்சிருக்கான்னு கேப்பான். வேண்டாம்னா போயிடுவான், தட்டு கழுவுவான். இவன் கேக்கவே மாட்டேங்கிறான். கேட்டாதானே வேண்டாம்னு சொல்ல முடியும்?"

கட்டிங் அக்கா பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கதை சொல்லாமல் அவர் தண்ணீர் குடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தப்பு என்னுதுதான்" என்றார். "கிழிசலே தெரியாத மாதிரி தைச்சுட்டேன். போட்டுக்கிறவகிட்டயாவது எங்க கிழிஞ்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்கணும்."

பிறகு எல்லோரும் கேட்கும்படி நிஜத்தைச் சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருவன் தினமும் பின்னால் வந்தானாம். "எங்க அப்பாவுக்கு அவனைத் தடுக்கத் தெரியல. என்னைத் தடுக்கத் தெரிஞ்சுது. அவன் படிச்சு முடிச்சான், நான் வீட்டுல உக்காந்தேன். அப்புறம் எந்தக் கதையில அந்த இடம் வந்தாலும் எனக்கு அப்படியே சொல்ல வாய் வராது. மாத்திடுவேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓவர்லாக் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ அந்தச் சமையல்காரன்?"

"ஜன்னல் ஏறிக் குதிச்சான்."

"அந்தத் தொடர்ல வர்ற டாக்டர்? கல்யாணம் ஆகாமலே இருந்தாரே, நல்ல மனுஷன்?"

"அவ வேலை பாக்குற ஊருக்கே மாத்தல் வாங்கிட்டு வந்து உயிரை எடுத்தான்."

"அடப்பாவி. அவனுக்காக நான் ஒரு முழுக் கர்சீப் நனைச்சேனே." ஓவர்லாக் அக்கா தன் வாயிலேயே லேசாகத் தட்டிக்கொண்டார். "பஸ்ஸைச் சொல்லிக் கொடுத்த வாய் வேற இது. பட்டன், என்னை நாலு திட்டு திட்டிடு."

"சாப்பிட்டுட்டுத் திட்டுறேன்க்கா" என்றாள் பட்டன். பல நாளைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

யார் வீட்டுக்கும் தெரியாமல் இதை முடித்தாக வேண்டும். ஒருத்தி கத்தரிக்கோலைத் தூக்கினாள். "அது துணிக்கு, கீழ வை" என்றார் கட்டிங் அக்கா. கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தவர், "அவன் அவளுக்கு மாட்டிவிட்ட சட்டையை அவனுக்கே போட்டுப் பாப்போம்" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டினோம். டப்பாக்களோடு தெருமுனைக்குப் போய், கண்ணாடிக் கடைக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றோம். பேசவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான். அவன் ஒரு பெரியவர் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு கம்பி காதுக்கும் மற்றது கன்னத்துக்கும் போனது.

டீ குடிக்க வெளியே வந்தான். பின்னாலேயே போனோம். அவன் வேகமாக நடந்தால் நாங்களும் வேகமாக நடந்தோம். நின்றால் நின்றோம். டீக்கடைக்குள் நுழைந்துகொண்டான், வாசலில் நின்று அவன் குடிப்பதைப் பார்த்தோம். பாதி கிளாஸோடு வெளியே வந்துவிட்டான்.

"என்னக்கா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம் தம்பி" என்றார் ஓவர்லாக் அக்கா. "நீங்க பாட்டுக்கு நடங்க. பாக்க நல்லா இருக்கு."

"எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?"

"பிடிச்சிருக்கு, வர்றோம்."

"இங்க பாருங்க, விளையாடாதீங்க."

"கோபத்துலயும் அழகா இருக்கீங்க தம்பி."

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அடுப்பைக் குறைக்க மறந்து பாலைப் பொங்கவிட்டார். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. பட்டன் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரிப்பை அடக்க முடியாமல் டப்பாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவன் விளக்குக் கம்பத்துக்கு வரவில்லை. நேராகத் தன் வீட்டுக்கு பஸ் ஏறப் போனான். நாங்களும் அதே பஸ்ஸில் ஏறினோம். அவன் உட்கார்ந்திருந்த சீட்டைச் சுற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வேறு இடமா இல்லை என்று நடத்துநர் கேட்டார். "இங்கதான் காத்து வருது" என்றார் ஓவர்லாக் அக்கா. அவன் இறங்கினான். இறங்கினோம். தன் தெருமுனை வந்ததும் அவன் நின்றுவிட்டான். அதற்குமேல் அவனால் நடக்க முடியவில்லை. குரல் மாறியிருந்தது.

"அக்கா, தயவுசெஞ்சு போயிடுங்க. எங்க தெருக்கா இது. அம்மா வெளியில உக்காந்திருப்பாங்க. எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

அப்போதுதான் கட்டிங் அக்கா பேசினார். அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

"அவளுக்கும் ஒரு தெரு இருக்கு தம்பி. உன்னால வரக்கூடிய பேச்சுக்கு அவ பதில் சொல்லணும். வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரணும். நீ பாட்டுக்குக் கம்பத்துல சாஞ்சுட்டு நிப்ப."

அவன் தரையைப் பார்த்தான். "நான் தப்பா ஒண்ணும் நினைக்கலக்கா. நான் நல்லவன்."

பட்டன் என் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நீங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. இருந்தாலும் பதில் சொல்லிடுறேன். எனக்கு வேண்டாம். இனிமே பின்னாடி வராதீங்க."

"நான் நல்லவன்தாங்க" என்றான் மறுபடியும்.

"இருக்கலாம். நல்லவங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கணுமா?"

அவன் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று பார்த்திருப்பான். நின்றோம். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஓவர்லாக் அக்கா கட்டிங் அக்காவைப் பார்த்து, "நடந்ததைப் படம் எடுத்தா நான் காசு கொடுத்துப் பாப்பேன். நீ எதையும் மாத்தி வைக்காத" என்றார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நாங்கள் சேர்ந்தே போய்ப் பட்டனை பஸ் ஏற்றிவிட்டோம். அவன் வரவில்லை. வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் போனோம், பேசிக்கொண்டு நடக்க நன்றாக இருந்ததால். வெகுநாள் கழித்து அவனே ஒரு பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பாதியில் நின்று, "வரலாமாக்கா?" என்று குரல் கொடுத்தான். கட்டிங் அக்கா முதலில் பட்டனைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் "வாப்பா" என்றார். உயரம் குறைக்கக் கொடுத்துவிட்டு, பட்டன் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனான். "கண்ணாடிக் கடையில இத்தனை நாள் இருந்து இப்பதான் தனக்கு ஒண்ணு மாட்டியிருக்கான்" என்றார் ஓவர்லாக் அக்கா. பட்டன் முணுமுணுத்த பாட்டு நடுவில் நிற்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அவள் கேட்டாள். "அக்கா, வெட்டாம ஒட்டாம ஒரு காதல் கதை சொல்லுங்களேன். அப்படி ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அதுல ஒண்ணுமே நடக்காது" என்றார் கட்டிங் அக்கா. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் வெட்கப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் கடைக்கு நூலும் ஜிப்பும் கொண்டுவருகிறவர் நூல்காரர். அவர்தான் கட்டிங் அக்காவின் கணவர். இன்றும் கீழ்ப்படியிலேயே நின்று, "நூல் வருது" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். சொந்தப் பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கு எதற்கு இந்த அறிவிப்பு என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் முன்பொரு காலத்தில் பெட்டியைக் கட்டிங் மேசையில் வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னாராம்: "உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க என்ன பதில் சொன்னாலும் நூல் வரும்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"வேண்டாம்னேன்."

"அவரு?"

"சரின்னாரு. அடுத்த வாரம் வந்தாரு. வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவுன்னு கேட்டாரு. போயிட்டாரு. வேற பேச்சே இல்ல. அப்படியே ஒரு வருஷம் ஓடிடுச்சு. படி இறங்கும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பாக்குறாரான்னு நான்தான் எட்டி எட்டிப் பாப்பேன். ம்ஹூம். கழுத்து சுளுக்கின மாதிரி போவாரு. எனக்குக் கோபம் கோபமா வரும்."

ஓவர்லாக் அக்கா மிஷினில் தலையை வைத்துச் சிரித்தார். "யாரு யாருக்காகடி நின்னது இதுல?"

"ஒரு நாள் கீழேயிருந்து நூல் வருதுன்னு சத்தம் கேட்டுச்சு. நான் படிக்கே போயிட்டேன். பதிலை மாத்திக்கலாமான்னு கேட்டேன். மனுஷன் பெட்டியை விட்டுட்டாரு. அத்தனை நூல்கண்டும் உருண்டு, படியெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமா நூல் ஓடி, சாவிக் கடைக்காரர் கால்ல சுத்திக்கிச்சு. அன்னைக்குப் பொழுது பூரா ரெண்டு பேரும் படியில உக்காந்து சிக்கெடுத்தோம். அவ்வளவுதான் கதை."

பட்டன் ஊசியைக் கீழே வைத்தாள். "இதுல தண்ணி குடிக்கிற இடமே வரலையேக்கா" என்றாள். பிறகு அதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

இப்போது கட்டிங் அக்கா படங்களை உள்ளபடியே சொல்கிறார். கதாநாயகன் பின்னால் நடக்க ஆரம்பித்ததும் எல்லா மிஷினும் நிற்கிறது. எல்லோரும் பாட்டிலை எடுக்கிறோம். மீதியை எப்படி மாற்றுவது என்பதில் அவரவருக்கு ஒரு யோசனை இருப்பதால் சண்டை வருகிறது, வேலை சில நாள் தாமதமாகிறது. பட்டன் ஜிப் மாற்றவும் ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு ஆள் என்று யாரும் இல்லை. அவசரமும் இல்லை என்கிறாள். அவள் தைக்கும் பட்டன்கள் காஜாவுக்குள் சுலபமாக நுழைகின்றன. நூல்காரர் வாரம் ஒரு முறை வருகிறார், கீழ்ப்படியில் நின்று குரல் கொடுத்துவிட்டு.